இரண்டு முறை பொழுது சாய்ந்த வெள்ளிக்கிழமை

வியாழன் இரவு

நாளை மதியம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க். சாங்கியில் ஏறினால் கென்னடி விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். நடுவில் எங்கேயும் நிற்காது. இன்றைக்குப் பயணிகள் விமானங்கள் ஒரே மூச்சில் பறக்கிற வழிகளில் இதுதான் மிக நீளமானது. போகிற காரியம் அலுவலக வேலை, அதில் எழுத ஒன்றுமில்லை. வழியைப் பற்றி மட்டும் நாள்தோறும் எழுதி வைக்கலாம் என்று நோட்டை எடுத்திருக்கிறேன்.

அக்கா வீட்டில் இருக்கிறேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பத்து வயது.

“மாமா, எவ்வளவு தூரம்?”

“15,349 கிலோமீட்டர்டா.”

“யார் அளந்தாங்க?”

சட்டை மடிப்பதை நிறுத்திவிட்டேன். இணையத்தில் பார்த்த எண்ணை அப்படியே ஒப்பித்திருந்தேன், அவ்வளவுதான். சரி, நாமே அளப்போம் என்று அவனுடைய உலக உருண்டையையும் அக்காவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு நூலையும் எடுத்துவந்தோம். 30 செ.மீ. குறுக்களவு உள்ள உருண்டை. சிங்கப்பூரில் அவன் விரல், நியூயார்க்கில் என் விரல். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் பழகிய கண் அவனுக்கு. நூலை மேற்கே கொண்டுபோனான். இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி நியூயார்க்கைத் தொட்டான். 43 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

“இப்போ நூலை டைட்டா இழு” என்றேன். இழுத்தான். நூல் ஆப்பிரிக்காவில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே வடக்கே ஏறி, வட துருவத்தை உரசுகிற மாதிரி போய் நின்றது. 36 செ.மீ.

“எப்படி மாமா?”

அந்த மாதிரிச் சுவர் வரைபடத்தை மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569-இல் மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வழி தாளில் நேர்கோடாகத் தெரிய வேண்டும், அதுதான் அவருக்குத் தேவை. தூரம் குறைவா கூடுதலா என்பது அந்தக் கோட்டின் வேலை இல்லை. உருண்டையின் மேல் எது குறுக்கு வழி என்பதை இறுக்கி இழுத்த நூல்தான் சொல்லும்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டோம். இந்த இரண்டு ஊருக்கும் ஒரு விசேஷம் உண்டு. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104-இல் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74-இல். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அப்படியென்றால் குறுக்கு வழி துருவத்தை ஒட்டித்தான் போகும். கணக்கும் சுலபம்: சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 15,335. பட்டியலில் இருக்கிற எண்ணுக்கும் இதற்கும் 14 கி.மீ.தான் வித்தியாசம். அது ஏன் என்று கேட்டான். பூமி துருவத்தில் கொஞ்சம் சப்பையாக இருக்கிறது, இரண்டு ஊரும் அச்சாக எதிரெதிரில் இல்லை என்று சொன்னேன்.

“அப்போ நீங்க வட துருவம் பார்ப்பீங்களா?”

“பார்க்க மாட்டேன்டா.”

“பின்ன எதுக்கு இந்தக் கணக்கு?”

அதுவும் நியாயம்தான்.

வெள்ளி, விமானத்தில்

கடிகாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் கட்டியிருப்பது அப்பாவுடைய பழைய கடிகாரம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். இரண்டு முள், பன்னிரண்டு எண். தேதி காட்டாது, பகலா இரவா என்றும் சொல்லாது. இந்தப் பயணத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பது இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இப்போது அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கிறது, அதாவது மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாக 12 மணி நேர இடைவெளி. அதனால் முள்ளைத் தொடவே வேண்டாம். இங்கே மதியம் 12.31 என்றால் அங்கே நள்ளிரவு 12.31.

12.31 என்று சும்மா சொல்லவில்லை. விமானம் வாயிலை விட்டுப் பின்னால் நகர ஆரம்பித்த நிமிடம் அது. அட்டவணையில் ‘பயண நேரம்’ என்று போடுகிறார்களே, அது இந்த நகர்விலிருந்து அந்த ஊர் வாயிலில் போய் நிற்கும் வரைக்கும். பிளாக் டைம் என்பார்கள். சக்கரத்துக்கு வைக்கிற கட்டையை எடுப்பதிலிருந்து திரும்ப வைப்பது வரை. வானத்தில் இருக்கிற நேரம் வேறு. நாங்கள் தரையை விட்டுக் கிளம்பியது 12.49-க்கு. 18 நிமிடம் தரையிலேயே உருண்டோம். இந்த இரண்டு நேரத்தையும் குழப்பிக்கொண்டுதான் பலர் சண்டை போடுகிறார்கள்.

ஓடுதளத்தில் விமானம் ஓடி முடிக்கவே மாட்டேன் என்றது. காரணம் எடை. இது ஏர்பஸ் ஏ350-900-இன் நெடுந்தூர வகை. தொட்டியில் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். நிரப்பினால் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். ஆக, கிட்டத்தட்ட பாதி எடை குடிக்கிற எண்ணெய்க்கே போய்விடுகிறது. அந்த எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும். கட்டுச்சோற்றைச் சுமப்பதற்கே கட்டுச்சோறு கட்டுகிற கதை. அதனால்தான் இதில் 161 இருக்கைகள் மட்டும், சாதாரண வகுப்பே கிடையாது. இதே ஏ350-900 வேறு நெடும்பயணங்களில் 253 பேரை ஏற்றிக்கொண்டு போகிறது.

இப்படி ஒரு விமானம் வரும் முன்பே இந்தத் தூரத்தைப் பறந்தார்கள். 2004-இல் நான்கு இன்ஜின் ஏ340-500 கொண்டு நியூயார்க்கின் பக்கத்து விமான நிலையமான நூவர்க்குக்குச் சேவை தொடங்கினார்கள். நான்கு இன்ஜினும் எண்ணெயைக் குடித்துத் தீர்த்ததில் 2013-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. 2018 அக்டோபரில்தான் இந்த இரட்டை இன்ஜின் விமானத்தோடு திரும்ப வந்தார்கள். கென்னடிக்கு 2020 நவம்பரில் தொடங்கியது.

எனக்கு ஜன்னல் சீட். பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, மகளைப் பார்க்கத் தனியாகப் போகிறார். கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும்.

“தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மருந்து இந்த ஊர் மணிக்கா, அந்த ஊர் மணிக்கா?”

காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12 என்றுதான் விட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மணிக்கொரு தடவை, இரண்டு ஊருக்கும் இடைவெளி 12. எந்த ஊர் மணியைப் பார்த்தாலும் அதே முள்தான் வரும் என்று என் கடிகாரத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பன்னிரண்டு மணிச் சொட்டு ஏறும்போதே விட்டுட்டேன். அப்போ இறங்கறதுக்குள்ள எத்தனை?”

“மூணும்மா. ஆறு, பன்னிரண்டு, திரும்ப ஆறு.”

“மூணு சொட்டு தூரம்னு சொல்லுங்க.”

நம்மவர்கள் தூரத்தை ‘நாழிகை வழி’ என்று நேரத்தால் அளந்தவர்கள். இந்த அம்மா அந்த மரபில் வந்தவர்.

நூல் காட்டிய வழியில் நாங்கள் போகவில்லை. அதன்படி போயிருந்தால் நேர் வடக்கு: சீனாவில் செங்டு நகரின் பக்கமாக ஏறி, மங்கோலியா கடந்து, பைக்கால் ஏரிக்கு மேலே சைபீரியாவைத் தாண்டி, துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் வளைந்து, கனடாவின் பனித்தீவுகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். முன்னால் இருக்கும் திரையில் விமானத்தின் மூக்கு வடகிழக்கில் இருக்கிறது. தென்சீனக் கடல், தைவான் பக்கம், ஜப்பானுக்குக் கிழக்கே, அப்புறம் பசிபிக். மொத்தம் பறக்கப்போவது 16,540 கி.மீ. என்கிறது திரை. குறுக்கு வழியைவிட ஏறத்தாழ 1,200 கி.மீ. அதிகம்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒரு காரணம் சைபீரியா: 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. இன்னொரு காரணம் அதைவிடப் பழையது. காற்று.

கடிகாரத்தில் 4.50. ஜன்னலுக்குப் பின்புறம் வானம் சிவந்து, அடுத்த சில நிமிடங்களில் கீழே மேகமெல்லாம் ஊதா நிறமாகி அணைந்தது. ஒக்கினாவா பக்கம் எங்கேயோ இருக்கிறோம். கிழக்கே பறந்தால் பொழுது நம்மை எதிர்கொண்டு வந்து சாய்கிறது. கிளம்பி நான்கு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது.

ஆறு மணி. முதல் சொட்டு. அந்த அம்மா தலையைச் சாய்த்து, கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, விமானம் ஆடாத நொடிக்காகக் காத்திருந்து விட்டார். ஒரு துளி கன்னத்தில் வழிந்தது. “அது கணக்கில் சேர்த்தியில்லை” என்று இன்னொன்று விட்டுக்கொண்டார்.

ஜப்பானைத் தாண்டியதும் திரையில் தரை வேகம் ஏற ஆரம்பித்தது. 980, 1,030, 1,090 கி.மீ. இந்த விமானம் வழக்கமாக ஒலி வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். இந்த உயரத்துக் குளிரில், வெளியே மைனஸ் 54 டிகிரி, அது மணிக்கு சுமார் 900 கி.மீ. மீதி 190? அது காற்றின் தயவு. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் மேற்குக் காற்று இங்கே ஆறு மாதிரி ஓடுகிறது. நாங்கள் அந்த ஆற்றில் மிதந்துகொண்டே நீந்துகிறோம். 1,090 என்பது இந்தக் குளிரில் ஒலியின் வேகத்தையே தாண்டிய எண், ஆனால் வெடிச்சத்தம் எதுவும் கிடையாது. விமானத்துக்குத் தெரிந்தது தன்னைச் சுற்றியுள்ள காற்று மட்டும்தான், அந்தக் காற்றே நகர்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்த ஆற்றை முதலில் அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். 1920-களில் தாதேனோ வானிலை நிலையத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அவை போகிற போக்கைத் தொலைநோக்கியில் குறித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கிய மொழியில் வெளியிட்டார். அதனாலேயே யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பானுக்கு மேலே குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திண்டாடிய பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. எனக்கு ஓயிஷியை நினைத்தால் எப்போதும் ஒரு சங்கடம்.

ஆகவே 1,200 கி.மீ. சுற்று நஷ்டமில்லை. எந்தப் பாதையில் காற்று நன்றாகத் தள்ளுகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்து, அன்றைக்குத்தான் வழி முடிவாகிறது. நேற்று போன விமானம் வேறு கோட்டில் போயிருக்கும். அக்கா மகன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: 15,349 கிலோமீட்டரை யாரும் பறப்பதே இல்லை. அது நூலின் தூரம்.

வெள்ளி, இன்னும் முடியவில்லை

கடிகாரத்தில் 10.15. திரையில், தேதி மாறுகிற 180 பாகைக் கோட்டை நெருங்கிவிட்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் சனிக்கிழமை அதிகாலை 2.15. தாண்டினதும் வெள்ளிக்கிழமை அதிகாலை 2.15. கொஞ்ச நேரம் சனிக்கிழமையில் இருந்துவிட்டு, மறுபடியும் வெள்ளிக்குள் திரும்பினோம். விமானத்தில் ஒருவரும் விழித்திருக்கவில்லை. கோட்டைத் தாண்டும்போது ஒரு மணியாவது அடித்துக் காட்டியிருக்கலாம்.

1522 ஜூலையில் மகெல்லனின் குழுவில் உயிரோடு மிஞ்சியவர்கள் உலகைச் சுற்றிக்கொண்டு கேப் வெர்டே தீவில் ஒதுங்கினார்கள். அவர்களுடைய நாட்குறிப்பில் அன்றைக்குப் புதன், கரையில் இருந்தவர்களுக்கு வியாழன். ஒரு நாள்கூட விடாமல் எழுதினோமே என்று குழுவில் நாட்குறிப்பு எழுதிய பிகஃபெட்டா தலையைப் பிய்த்துக்கொண்டார். மேற்கே சுற்றியதால் ஒரு நாள் நழுவிப்போனது பிறகுதான் புரிந்தது. நான் கிழக்கே போகிறேன், நாட்குறிப்பும் எழுதுகிறேன். எனக்கு என்ன நழுவும், என்ன கூடும் என்று பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு. இரண்டாவது சொட்டு. முக்கால் மணி நேரத்தில் அலாஸ்கா வளைகுடாவுக்கு மேலே விடிந்தது. முதலில் இறக்கையின் நுனியில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். தொட்டியில் பாதிக்கு மேல் காலியாகி விமானம் லேசாகிவிட்டது. கிளம்பும்போது 31,000 அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, இப்போது 39,000-இல் இருக்கிறது. எடை குறையக் குறையப் படிப்படியாக ஏறுவார்கள். மேலே காற்று அடர்த்தி குறைவு, எண்ணெய் மிச்சம்.

அதற்கப்புறம் கனடா. பனி, ஏரி, பனி, ஏரி. அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது வெயில் மஞ்சளாகி இருந்தது. விமானம் இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா மூன்றாவது சொட்டுக்குத் தயாராக மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 5.55-க்கு ஜன்னலில் சூரியன் விழுந்தது. இன்றைக்கு இரண்டாவது தடவை. என் கடிகாரத்தின்படி முதல் அஸ்தமனம் 4.50, இரண்டாவது 5.55. நடுவில் ஒரு மணி ஐந்து நிமிடம்தான். இடையில் ஒரு முழு இரவும் ஒரு பகலும் போனதை முள் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆறு மணி. சொட்டு. 6.09-க்குத் தரை. 6.22-க்கு வாயில்.

வானத்தில் 17 மணி 20 நிமிடம். வாயிலிலிருந்து வாயிலுக்கு 17 மணி 51 நிமிடம். அட்டவணையில் போட்டிருந்தது 18 மணி 25 நிமிடம். முன்கூட்டியே வந்துவிட்டோம் என்று அறிவிப்பில் பெருமையாகச் சொன்னார்கள். காற்றுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

வெள்ளி மதியம் கிளம்பி வெள்ளி மாலை வந்தாயிற்று. இப்போது இரவு 11.40. இன்னும் வெள்ளிக்கிழமைதான்.

சனி

விடியற்காலை மூன்றுக்கு முழித்துக்கொண்டேன். 12 மணி நேர வித்தியாசத்தில் உடம்புக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரிவதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கண்ணைச் செருகியது. வேலை நடந்தது.

ஞாயிறு

கடிகாரம் காலை வாரிவிட்டது.

கல்லூரி நண்பன் ஒருவன் ஹட்சன் ஆற்றங்கரைக்கு வரச் சொல்லியிருந்தான், பத்து மணிக்கு. 9.55-க்கே போய் நின்றேன். 10.15 ஆகியும் ஆளைக் காணோம். 10.20-க்குப் போன் போட்டேன்.

“என்னடா, எங்க இருக்க?”

“வீட்டில்தான். மணி ஒன்பது இருபதுதானே ஆகுது.”

நவம்பர் முதல் ஞாயிறு. விடியற்காலை இரண்டு மணியை ஒன்றாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். கோடைக்கால நேரம் முடிந்தது. கைபேசி தானே மாற்றிக்கொண்டுவிட்டது, நான்தான் அதைப் பார்க்காமல் அப்பா கடிகாரத்தை நம்பி வந்திருக்கிறேன். குளிரில் ஒரு மணி நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைகள் விறைத்துவிட்டன. சாவியை நகத்தால் இழுத்து வெளியே எடுக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. முள்ளை முன்னாலேயே திருப்பி, பதினோரு மணி நேரம் சுற்றிக் கொண்டுவந்து 9.25-இல் வைத்தேன். பழைய கடிகாரத்தில் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது என்பது அப்பா சொன்னது. சரியா தப்பா என்று ஆராய்ந்ததில்லை.

சிங்கப்பூரில் இந்த முன்னே பின்னே வேலை கிடையாது. அதனால் இன்றிலிருந்து இடைவெளி 13. அந்த அம்மாவின் சொட்டு மருந்தை நினைத்துக்கொண்டேன். இங்கே இருக்கிறவரை பிரச்சினை இல்லை. திரும்பும்போதும் சொட்டு இருந்தால் கணக்கு உதைக்கும்.

திங்கள்

வேலை. மழை.

செவ்வாய் இரவு, கென்னடி விமான நிலையம்

போகும்போது பசிபிக். திரும்பும்போது அதே வழியில் போனால் அந்தக் காற்றாறு எதிரே வரும். ஆகவே மேற்கே போக மாட்டார்கள் என்று ஊகித்தேன். வாயிலில் இருந்த பணியாளர் ஒருவரிடம் கேட்டேன். “இன்று அட்லாண்டிக்” என்றார், ஏதோ பஸ் எந்த வழியாகப் போகும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதைப் போல.

இதில்தான் இந்த ஜோடி ஊர்களின் அழகு இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் என்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு என்று இரண்டு தடவையும் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளலாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே போக ஒரு நேரம், வர ஒரு நேரம்.

துருவம் பக்கம் போகிற நாட்களும் உண்டு. அப்போது எரிபொருளின் குளிரையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் போடுகிற ஜெட் ஏ மைனஸ் 40-இல் உறையத் தொடங்கும். மற்ற ஊர்களில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். வெளியே மைனஸ் 60, 65 என்று வந்தால் விமானி தாழ இறங்குவார், அல்லது வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார். காற்று உரசும் சூட்டில் இறக்கை சற்றே வெதுவெதுப்பாகும்.

இந்தத் தடவை பக்கத்து இருக்கை காலி. 10.28-க்கு நகர்ந்தோம். ஓடுதளத்துக்கு முன்னால் பெரிய வரிசை, எங்களுக்கு முன்னால் ஒன்பது விமானங்கள் வரை எண்ணினேன். 11.02-க்குத்தான் தரையை விட்டோம். அந்த 34 நிமிடத்தில் ஒரு கி.மீ. தூரமும் குறையவில்லை, பயண நேரம் மட்டும் ஓடிற்று.

புதன்

புதன்கிழமை அட்லாண்டிக்கின் மேல் இருட்டில் பிறந்தது. இந்தக் கடலுக்கு மேலே வானத்தில் நிரந்தரச் சாலைகள் கிடையாது. ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்துப் புதிதாகக் கோடு போடுகிறார்கள். இரவில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டு, பகலில் அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு கட்டு.

கடிகாரத்தில், அதாவது நியூயார்க் மணிக்கு, 3.20. அயர்லாந்துக்கு மேற்கே விடிந்தது. 8.40-க்குக் காக்கசஸ் மலைகளுக்கு மேல் பொழுது சாய்ந்தது. ஐந்து மணி இருபது நிமிடத்தில் ஒரு பகல் முடிந்துவிட்டது. ஐரோப்பா முழுவதும் அதற்குள் அடங்கிப்போனது. நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தால் இன்றைய பகலையே பார்த்திருக்க மாட்டேன். மலைகளின் பனிமுகடுகள் மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தன, பள்ளத்தாக்குகளில் ஏற்கெனவே இரவு.

அப்புறம் காஸ்பியன், மத்திய ஆசியா. வங்காள விரிகுடாவை நெருங்கும்போது பழக்க தோஷத்தில் திரையைத் தொட்டுச் சிங்கப்பூர் மணி பார்த்தேன். புதன் முடிந்து வியாழன் பிறந்து நேரமாகியிருந்தது.

வியாழன் காலை

5.29-க்குச் சாங்கியில் தரை தொட்டோம். 5.38-க்கு வாயில். வானத்தில் 17 மணி 27 நிமிடம், மொத்தம் 18 மணி 10 நிமிடம். தூரம் 16,560 கி.மீ. போனதும் வந்ததும் சேர்த்து 33,100 கி.மீ. எல்லாத் தீர்க்கரேகைகளையும் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டேன். போன வாசலுக்கே எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்திருக்கிறேன்.

அக்கா வீட்டில் காபி ஆறுவதற்குள் அவன் நோட்டைப் பிடுங்கிக்கொண்டான். நான் எழுதிவைத்ததைப் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தான்.

“வெள்ளி உங்களுக்கு எத்தனை மணி நேரம் மாமா?”

இங்கே நள்ளிரவில் தொடங்கி நியூயார்க் நள்ளிரவில் முடிந்தது. 24-உம் 12-உம், 36.

“ஞாயிறு?”

அங்கே மணியைத் திருப்பியதால் 25.

“புதன்?”

நியூயார்க் நள்ளிரவில் தொடங்கி சிங்கப்பூர் நள்ளிரவில் முடிந்தது. 24-இல் 13 போக, 11.

கூட்டினான். 36, 25, 11. மொத்தம் 72. மூன்றால் வகுத்தான். 24.

“ஒண்ணும் நழுவலையே மாமா.”

“சூரியன் எத்தனை தடவை மறைஞ்சுது, அதையும் எண்ணு.”

வெள்ளியிலிருந்து புதன் வரை அவன் இங்கே பார்த்தது ஆறு. என் நோட்டில் வெள்ளிக்கு இரண்டு, சனி, ஞாயிறு, திங்கள் (மழையில் பார்க்கவில்லை, ஆனாலும் மறைந்தது), செவ்வாய், புதன். ஏழு. மறுபடியும் எண்ணினான். விரல்விட்டு எண்ணினான். ஏழுதான்.

“இது மட்டும் எப்படி?” என்று அவன் உருண்டையைத் தேடிப் போனான். நான் கடிகாரத்தின் சாவியை இழுத்தேன். மணி 6.50 காட்டிக்கொண்டிருந்தது. முள்ளை ஒரு சுற்று முன்னால் தள்ளி 7.50-இல் வைத்தேன்.